உறுமலும் தாலாட்டும்

ஸ்வீடனின் ஓபெத் குழு ரசிகர்களிடம் 'பிடித்த பாட்டு எது?' என்று கேட்டுப் பாருங்கள். 'தி டிரேப்பரி ஃபால்ஸ்' (2001), 'டெலிவரன்ஸ்' (2002), 'கோஸ்ட் ஆஃப் பெர்டிஷன்' (2005) மூன்றில் ஒன்றாவது பதிலில் இருக்கும். மூன்றுமே பத்து நிமிஷத்துக்கு மேல். மிக்கேல் ஒகர்ஃபெல்ட் ஒரே தொண்டையில் புலியாக உறுமிவிட்டு, சற்று நேரத்தில் குழந்தையைத் தூங்கப்பண்ணுகிற மாதிரி பாடுகிறார்.

முதன்முதலில் கேட்பவர் 'யாரோ கழுத்தைப் பிடிக்கிறாங்களா?' என்று பதறுவார். கொஞ்சம் பொறுத்தால், உறுமல் ஓய்ந்து அக்கூஸ்டிக் கிடார் வரும்போது கிடைக்கிற அமைதி, சத்தத்தைத் தாங்கியதற்கான கூலி என்று புரியும். 'டாம்னேஷன்' (2003) ஆல்பத்தில் உறுமலே கிடையாது. அழகுதான், ஆனால் வெயிலில் அலையாமல் குடித்த மோர். 20 நிமிஷ 'பிளாக் ரோஸ் இம்மார்ட்டல்' (1996) பலருக்கு உயிர். எனக்கு அது நல்ல நல்ல துண்டுகளை ஒட்டுப்போட்ட துணி.

2011-ல் 'ஹெரிட்டேஜ்' ஆல்பத்தில் உறுமலை விட்டார். பழைய ரசிகர்கள் பலர் முணுமுணுத்தார்கள். 2024-ல் 'தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்' ஆல்பத்தில் மறுபடி உறுமினார். முணுமுணுத்தவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். இரண்டு குரலும் சேர்ந்தால்தான் ஓபெத்.

புதியவர்கள் 'டிரேப்பரி'யில் ஆரம்பிக்கலாம். ஹெட்போன் உத்தமம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், கட்டாயம்.