முடிவெடுக்கும் உரிமை: இசுமா குழுவின் ‘அட்டனார்ஜுவாட்’ திரைப்படத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பழங்குடி மரபைக் கலைப்படைப்பாக்குவோர் பேணவேண்டிய மரியாதை, பெரும்பாலும் மூலத்தைப் பிறழாமல் தருதல் என்றே விளக்கப்படுகிறது. இனுயிட் மக்களின் இசுமா குழு உருவாக்கிய ‘அட்டனார்ஜுவாட்’ (2001) மரபுக்கதையின் முடிவையே மாற்றியுள்ளது. அம்மாற்றம் எவ்வகையில் மரியாதைக்குரிய செயலாகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இனுயிட், இசுமா, வாய்மொழி மரபு, தழுவல், பண்பாட்டு உரிமை.

முன்னுரை

கனடாவின் வடபுலத்தில் உள்ள இக்லூலிக் என்னும் சிற்றூர், 1975, 1979 ஆகிய ஆண்டுகளில் வாக்கெடுப்பு நடத்தித் தொலைக்காட்சியை மறுத்தது. தம் மொழி ஒலிக்காத ஒரு கருவியை வீட்டுக்குள் விட அவ்வூரார் விரும்பவில்லை. இனுக்டிடுட் மொழி நிகழ்ச்சிகளுக்கு வழி பிறந்த பின்னரே, 1983இல் அதனை ஏற்றனர். இத்தகைய ஊரில் 1990இல் தோன்றியது இசுமா. சகரியாஸ் குனுக், பால் அபாக் அங்கிலிர்க், பாவ்லூசி குலிட்டாலிக், நார்மன் கோன் ஆகியோர் அதன் நிறுவனர்கள். ‘இசுமா’ என்பதற்குச் சிந்தனை என்பது பொருள். நிறுவன உடைமையில் 75 விழுக்காடு இனுயிட் மக்களுக்குரியது. நால்வருள் நியூயார்க்கில் பிறந்த கோன் மட்டுமே வெளியார். அவரே ஒளிப்பதிவாளர், திரைக்கதையிலும் அவருக்குப் பங்குண்டு. எனினும் பெரும்பான்மை அவர் கையில் இல்லை. வெளியாரை விலக்காமல், அவர் நிற்கும் இடத்தை மட்டும் இக்குழு வரையறுத்துக்கொண்டது.

கதை திரைக்கதையான முறை

அட்டனார்ஜுவாட் கதை இக்லூலிக் பகுதியில் தலைமுறைகளாக வழங்கிவருவது. பகைவர் கூடாரத்தைச் சாய்த்துத் தாக்க, தமையன் அமார்ஜுவாக் கொல்லப்படுகிறான். தம்பி அட்டனார்ஜுவாட் ஆடையின்றிக் கடற்பனியின் மீது ஓடித் தப்புகிறான். அபாக் ஊர் முதியோரிடம் இக்கதையின் பல வடிவங்களைப் பதிவுசெய்தார். திரைக்கதை இனுக்டிடுட் மொழியிலேயே எழுதப்பட்டது. நிதி வழங்குவோருக்காக ஆங்கில வடிவமும் உருவாயிற்று. பழஞ்சொற்களையும் வழக்கங்களையும் முதியோர் பார்த்துத் திருத்தினர். அபாக் 1998இல் மறைந்தமையால் நிறைவுற்ற படத்தை அவர் காணவில்லை.

நாட்டார் வழக்காற்றியலில் பயின்றோர்க்கு ஒரு கதையின் பல வடிவங்கள் புதியன அல்ல. ஆயினும் வடிவங்களைத் தொகுக்கும் ஆய்வாளர் பெரும்பாலும் அவற்றை ஒப்பிடுவதோடு நின்றுவிடுகிறார். அபாக்கின் தொகுப்பு அடுத்த வடிவத்தை ஆக்குவதற்காகச் செய்யப்பட்டது. இவ்வேறுபாடு படத்தின் இறுதிப் பகுதியில் முழுமையாக வெளிப்படுகிறது.

மாற்றப்பட்ட முடிவு

மரபுக்கதையில் நாயகன் பகைவரைக் கொன்று பழிதீர்க்கிறான். படத்தில் அவன் ஒரு பனிவீட்டின் தரையை வழுக்கும்படி ஆக்கி, தன் காலில் கொம்புத் துண்டுகளைக் கட்டிக்கொண்டு, நிற்க முடியாமல் தடுமாறும் ஓக்கியையும் அவன் தோழரையும் வீழ்த்துகிறான். ஓங்கிய ஆயுதமோ ஓக்கியின் தலைக்கு அருகே பனியில் இறங்குகிறது. கொலைகள் இத்துடன் நிற்கட்டும் என்கிறான் நாயகன். பின்னர், ஓக்கியின் பாட்டியாகிய பனிக்பாக் தன் பேரனையும் பேத்தியையும் அவர்தம் கூட்டாளிகளையும் ஊரைவிட்டு வெளியேற்றுகிறாள்.

இதனை எளிய மன்னிப்பாகக் கொள்வது பொருந்தாது. ஒருவர் வேட்டையில் மற்றவர் பசியாறும் பனிப்புலத்தில், கூட்டத்திலிருந்து விலக்கப்படுதல் கடுந்தண்டனை. அதை விதிப்பவளும் இழப்புக்கு ஆளாகும் பாட்டியே. எனினும் தீமையின் வித்தை வெளியிலிருந்து வந்த மந்திரவாதி ஒருவனின் மேல் ஏற்றியிருப்பது ஓக்கியின் பொறுப்பைச் சற்று இலேசாக்கிவிடுகிறது. படத்தின் நலிந்த இடம் அதுவே.

இதே மாற்றத்தை வெளியார் ஒருவர் செய்திருப்பின் அது திரிபு எனக் கண்டிக்கப்பட்டிருக்கும். அக்கண்டனத்தில் நியாயமும் இருந்திருக்கும். குனுக் அதனை இக்காலத்திற்கு ஏற்ற செய்தி என விளக்கினார். அப்படியாயின், பிறப்பால் உள்ளவர் எதை மாற்றினாலும் ஏற்கத்தக்கதா? அவ்வாறு கொள்வதும் இடருடையது. ஒரு சமூகம் ஒரே குரலில் பேசுவதில்லை. இசுமாவின் மாற்றத்திற்கு வலுச்சேர்ப்பது பிறப்பு மட்டுமன்று. அதற்கு முன் நிகழ்ந்த கேட்டல், எழுதுதல், திருத்துதல் என்னும் நடைமுறை. தாம் எதிலிருந்து விலகுகிறோம் என்பதைக் கதை அறிந்தோர் நடுவே அறிந்தே அவர்கள் விலகினர்.

உழைப்பும் நிதியும்

தோலாடைகளையும் கூடாரங்களையும் கருவிகளையும் உள்ளூர் முதியோரும் கைவினைஞரும் செய்தனர். அருகிவந்த கைத்திறன்கள் படப்பணியின் வழியே ஊதியம் தரும் வேலையாயின. நிதி எளிதாகக் கிட்டவில்லை. பழங்குடி மொழிப் படங்களுக்கென ஒதுக்கப்பட்ட தொகை, ஆங்கில, பிரெஞ்சு மொழிப் படங்களுக்கு உரியதைவிட மிகச் சிறிது. கனடா தேசியத் திரைப்பட வாரியம் இணைத்தயாரிப்பில் சேர்ந்தது. 2001இல் கான் விழாவில் முதற்படத்திற்குரிய கேமரா தோர் விருது கிடைத்தும், நிறுவனத்தின் பொருளாதாரம் நிலைபெறவில்லை. 2011இல் கடன் நெருக்கடி அதனை முடக்கியது. பரிசளித்துப் பாராட்டும் மரியாதைக்கும் தொடர்ந்து பணிசெய்ய இடமளிக்கும் மரியாதைக்கும் இடையிலுள்ள தொலைவு இங்குப் புலனாகிறது.

நானூக்கும் இறுதிப் பெயர்ப்பட்டியலும்

ராபர்ட் ஃபிளாஹர்ட்டியின் ‘நானூக் ஆஃப் தி நார்த்’ (1922) இனுயிட் வாழ்வை உலகுக்குக் காட்டிய படமாகப் போற்றப்படுவது. நானூக்காக நடித்தவரின் இயற்பெயர் அல்லகரியல்லக். துப்பாக்கி வழக்கிலிருந்த காலத்தில் ஈட்டியால் வேட்டையாடும்படி வேண்டப்பட்டார்; இசைத்தட்டுக் கருவியை முன்பின் அறியாதவர்போல் நடித்தார். இனுயிட் உதவியாளர் படப்பணியில் உழைத்தனர். திரையில் அவர்கள் தோன்றவில்லை.

‘அட்டனார்ஜுவாட்’ முழுவதும் பழங்காலத்திலேயே நிகழ்கிறது; நவீனப் பொருள் ஒன்றும் கண்ணில் படுவதில்லை. இறுதியில் பெயர்கள் ஓடும்போது காட்சி மாறுகிறது. ஒளிப்பதிவுக் கருவி பனிச்சறுக்கு வண்டியில் இழுக்கப்படுகிறது. தோலாடையில் கண்ட நடிகர்கள் இக்கால உடையில் படக்குழுவினரோடு நிற்கின்றனர்.