பழைய கார்பன் சைக்கிள்: வாங்கலாம், மாற்றலாமா?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வயதே ஒரு தகுதி. பர்மா தேக்குத் தூணில் வெடிப்பு இருந்தால் வெளியே தெரிந்துவிடும். அதே கண்ணோடு பழைய கார்பன் ரேஸ் சைக்கிளை விலை பேசினால் ஏமாறுவோம். கார்பனில் சேதம் பெயின்டுக்கு அடியில், இழை அடுக்குகளுக்கு நடுவே இருக்கும். ஒரு ரூபாய்க் காசால் ஃபிரேமைத் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்ற ஓசை ஓரிடத்தில் மந்தமானால் விட்டுவிடலாம். ஓசை நன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டும் வாங்கிவிடவும் முடியாது.

அதற்காகக் கார்பன் நொறுங்கும் சரக்கு என்றும் பயப்பட வேண்டாம். 1994-இல் வந்த கொல்னாகோ சி40-இல்தான் மாப்பெய் அணி பாரி–ரூபே பந்தயத்தின் கருங்கல் பாவிய சாலைகளில் பலமுறை வென்றது. நன்றாகச் செய்த கார்பன் குழாய் எளிதில் களைப்பதில்லை. கெடுவது அது அலுமினியத்தோடு சேரும் இடம். வியர்வை உப்பு இறங்கினால் இரண்டுக்கும் இடையே மின்வேதி அரிப்பு தொடங்கும். அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்து, சீட் போஸ்ட் ஃபிரேமோடு இறுகிக்கொள்ளும். நம் வெயிலில் ஓட்டியவருக்கு வியர்வைக்கா பஞ்சம்? சீட் போஸ்ட்டை முழுக்க உருவிப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள். விற்பவர் “அது கொஞ்சம் டைட்டு சார்” என்றால் பேச்சு முடிந்தது.

அடுத்துப் பார்க்க வேண்டியது, கிராங்க் அச்சு உட்காரும் பி.பி. (பாட்டம் பிராக்கெட்) கூடு. அதில் மரை இருக்க வேண்டும்: 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. பர்மிங்காம் பி.எஸ்.ஏ. கம்பெனியின் பெயரிலேயே வழங்கும் அளவு இது. பள்ளத்தூர் முருகப்பா குடும்பம் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் மூலம் நம் தெருக்களில் ஓடிய அதே பி.எஸ்.ஏ. 2000-களின் பிற்பாதியில் மரையை விட்டுவிட்டு பேரிங்கை அழுத்திப் பொருத்தும் முறை பரவியது. கூடு துளி அளவு பிசகினாலும் மிதிக்கு மிதி கிரீச்சிடும். அந்த வகை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எனக்கு வேண்டாம்.

இனி, ‘அப்கிரேடு’ ஆசை. இதில்தான் காசு கரைகிறது. 10 கியர் ஷிமானோவை 11 ஆக்க வேண்டுமா? 2012-இல் வந்த 11 கியர் ஹப்பில் கேசட் ஏறும் பகுதி 1.85 மி.மீ. கூடுதல் நீளம், அதனால் பழைய வீல் பெரும்பாலும் உதவாது. 12 கியருக்குப் போனால் ஷிமானோ 105 டிஸ்க் பிரேக்கோடு மட்டுமே வருகிறது. பழைய ஃபிரேமில் டிஸ்க் மாட்ட இடமே கிடையாது.

எடையைக் குறைக்கலாம் என்பார்கள். தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்கோ தொண்டிக்கோ போகும் சாலையில் மலையா ஏறுகிறோம்? ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்றால், ஒன்றரைக் கிலோ குறைப்பது மொத்த எடையில் இரண்டு சதவீதம்கூட இல்லை. சமதரையில் எதிரி காற்று. அதற்கு எடை ஒரு பொருட்டல்ல. இங்கே உண்மையான எதிரி இன்னொன்றும் உண்டு: சீமைக்கருவேல முள். அதற்குத் தோதானது, உள்ளே சீலன்ட் ஊற்றிய அகலமான டியூப்லெஸ் டயர். பழைய ரேஸ் ஃபிரேம்களில் பல 25 மி.மீ. டயருக்கு மேல் ஏற்காது. அதை எந்த அப்கிரேடாலும் மாற்ற முடியாது.

ஆகவே என் தீர்ப்பு: மரை வைத்த பி.பி., கழன்று வரும் சீட் போஸ்ட், விழுந்து அடிபடாத வரலாறு, இந்த மூன்றும் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். கேபிள், பிரேக் கட்டை, டயர், செயின் ஆகியவற்றைப் புதிதாகப் போட்டு, கியர் செட்டை அந்தக் காலத்ததாகவே விடுங்கள். தினமும் ஓட்ட வண்டி தேடுகிறவர் அந்தப் பணத்தில் 32 மி.மீ. டயர் ஏற்கும் புதிய வண்டி பார்ப்பது மேல். வாங்கியவர் முதல் சவாரிக்கு முன்பே முன் ஃபோர்க்கைக் கழற்றி, ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்முக்குக் கீழே ஸ்டீயரர் குழாயைச் சுற்றிலும் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். மயிரிழைக் கோடு தெரிந்தாலும் ஃபோர்க்கைத் தூக்கிப் போடுங்கள். அந்த ஒன்றில் மட்டும் சேகரிப்பாளரின் பாசம் கூடாது.