எந்த வயதில் எந்தப் புத்தகம்?

‘வயதுக்கேற்ற புத்தகம் சொல்லுங்கள்’ என்று கேட்பவர்களில் பலர், அந்த வயதுக்கு எது கூடாது என்பதை ஏற்கெனவே முடிவு செய்தவர்கள். கல்லூரியில் தமிழ் கற்பிப்பவள் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. சிறுமிக்கு நீதிக்கதை, மாணவிக்குப் போட்டித்தேர்வு நூல், மணமானவளுக்குச் சமையல் குறிப்பு, மூத்தவளுக்கு ஆன்மிகம் என்று பட்டியல் முன்பே தயாராக இருக்கிறது. ஒரு பெண் என்ன வாசிக்கலாம் என்பதைவிட, எந்த வயதில் அவள் எப்படி இருக்க வேண்டும் என்பதையே இந்தப் பட்டியல் சொல்கிறது.

அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ சிறுகதையை எடுத்துக்கொள்வோம். அதில் பூப்பெய்தும் சிறுமிக்கு வயது பதின்மூன்று. தன் உடலில் நடப்பது என்ன என்று அழகாக விளக்கிச்சொல்ல அம்மா வருவாள் எனக் காத்திருக்கிறாள். அம்மாவோ, உறவுப்பெண்ணைக் கறுப்பு என்று மாப்பிள்ளை வீட்டார் மறுத்துவிட்ட கசப்போடு ஊர் திரும்புகிறாள். அந்தக் கசப்பு அப்படியே கறுப்பான மகள் மீது விழுகிறது. ஆணாதிக்கம் தாயின் வாய்வழியாகவும் பேசும் என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன கதைகள் தமிழில் குறைவு. இதைப் பதின்மூன்று வயதுச் சிறுமிக்குத் தரலாமா என்று தயங்குகிறோம். கதையில் வரும் சொற்களை நிஜத்தில் கேட்கும் வயது அதுதானே! மகளும் அம்மாவும் சேர்ந்து வாசிக்க வேண்டிய கதை இது.

பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்த தன்வரலாறு. மூன்றாம் வகுப்புச் சிறுமி, தன் தெருப் பெரியவர் தின்பண்டப் பொட்டலத்தைத் தொடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிச்செல்வதைப் பார்த்துச் சிரிக்கிறாள். அது தீண்டாமை என்று பிறகு அண்ணன் விளக்குகிறார். சாதி எட்டு வயதிலேயே வந்து சேர்ந்துவிடுகிறது. அதைப் பற்றிய நூல் மட்டும் பெரும்பாலும் கல்லூரி வகுப்பில் வருகிறது. அங்கும் அதன் இடம் உறுதியானதல்ல. பாமா, சுகிர்தராணி ஆகியோரின் படைப்புகளை 2021இல் டெல்லிப் பல்கலைக்கழகம் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. மகாஸ்வேதா தேவியின் ‘திரௌபதி’யும் உடன் நீங்கியது. இளம் வயது என்று சொல்லித் தடுக்க முடியாத இடத்தில் வேறு காரணங்கள் வந்துவிடுகின்றன.

அறிவியல் படிக்கும் மாணவிகளுக்கு நான் சொல்வது ரொக்கையா பேகத்தின் ‘சுல்தானாவின் கனவு’. 1905இல் சென்னையிலிருந்து வந்த ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ இதழில் ஆங்கிலத்தில் வெளியானது. பெண்கள் ஆளும் அந்த நாட்டில் சூரிய வெப்பம் அடுப்பெரிக்கிறது, போரையும் வெல்கிறது. ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். சிறையை ஒழிக்காமல் கைதியை மட்டும் மாற்றுவது விடுதலையா என்று மாணவிகள் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு இடம் தருவதே இக்கதையின் பலம்.

அறுபதைக் கடந்த பெண்களுக்கு ராஜம் கிருஷ்ணனின் ‘பாதையில் பதிந்த அடிகள்’. இளம் விதவையாகி, பின்பு கிராப்பு வெட்டி, வேட்டி சட்டை அணிந்து, தஞ்சை விவசாயத் தொழிலாளர்களுக்காகப் போராடிய மணலூர் மணியம்மையின் வாழ்வை ஒட்டிய நாவல். சில பக்கங்கள் களஆய்வுக் குறிப்புபோல வறண்டிருக்கும். ஆனால் ‘இனி என்ன இருக்கிறது’ என்று சொல்லும் பெண்ணிடம் சுந்தரகாண்டத்தோடு இதையும் கொடுத்துப் பாருங்கள். கைம்மையோடு ஒரு வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை என்று இந்நாவல் அவளோடு பேசும்.

டெட்சுகோ குரோயநாகியின் ‘டோட்டோ-சான்’ குழந்தைகள் நூல் என்றே அறியப்படுகிறது. ஒரு பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்ட சிறுமி பேசுவதைப் புதிய பள்ளியின் தலைமையாசிரியர் நான்கு மணி நேரம் கேட்கிறார். இதை முதலில் வாசிக்க வேண்டியவர்கள் ஆசிரியர்களும் பெற்றோரும்.

ஆகவே, புத்தகம் பரிந்துரைக்கும் முன் வயதைக் கேட்காதீர்கள். இப்போது அவளை எது தொந்தரவு செய்கிறது என்று கேளுங்கள். நிறமா, சாதியா, படிப்பா, தனிமையா? பதிலைப் பொறுத்துச் சிறுமிக்கு நாவலும் பாட்டிக்கு அறிவியல் புனைவும் பொருந்தலாம். கடினமான பக்கம் வந்தால் கூட உட்கார்ந்து பேசுங்கள். புத்தகத்தைப் பிடுங்கி வைப்பதைவிட அது சற்றே சிரமம்தான். ஆனால் ஒரு பெண் தொடர்ந்து வாசிப்பாளா மாட்டாளா என்பது பல நேரம் அங்கேதான் முடிவாகிறது.