ஹெரால்டுக்குப் பின்பக்கமும் டிஸ்க் பிரேக் வேண்டுமா?

சென்னையில் உருவான கார்களில் ஸ்போர்ட்ஸ் கார் என்ற பெயருக்கு மிக நெருங்கி வந்தது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961இல் அதை இங்கே தயாரிக்கத் தொடங்கியது. பாடியை வரைந்தவர் இத்தாலியின் ஜொவான்னி மிக்கெலோட்டி. 1962இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் வந்தபோது இதே ஹெரால்டின் சேசிஸைக் குறுக்கித்தான் செய்தார்கள், 91.5 அங்குல வீல்பேஸ் 83 ஆனது. அதனால் ஸ்பிட்ஃபயருக்காக உலகம் முழுக்க யோசித்து வைத்திருக்கும் பிரேக் வேலைகளில் பாதி நம் ஹெரால்டுக்கும் பொருந்தும்.

நான் ஓட்டிப் பார்த்தது சேலத்தில் இருக்கும் இரண்டு கதவு ஹெரால்டு. இந்தக் காரின் கூரை போல்ட்டில் உட்கார்ந்திருப்பதுதான். உரிமையாளரான நண்பர் அதைக் கழற்றி வைத்துவிட்டு, திறந்த காராகவே வைத்திருக்கிறார். முன்பக்கம் முன்பே ஸ்பிட்ஃபயர் பாணியில் 9 அங்குல டிஸ்க்குக்கு மாறிவிட்டது. பின்பக்கம் மட்டும் 7 அங்குல டிரம் இருந்தது. இப்போது அதையும் டிஸ்க்காக மாற்றியிருக்கிறார். அந்த வேலையையும், அதன் பிறகு ஓடும் காரையும் பற்றித்தான் இந்த விமர்சனம்.

வேலை நடந்தது நாமக்கல் பக்கம் ஒரு பட்டறையில். லாரிக்குப் பாடி கட்டும் ஊர் என்று நாமக்கல்லைச் சொல்வார்கள். பிரேக் தெரிந்த கைகளும் அங்கே நிறைய. ஏர் பிரேக், ஸ்லாக் அட்ஜஸ்டர், லைனர் என்று அன்றாடம் புழங்குகிறவர்கள். டிரம்மைக் கழற்றி டிஸ்க் போட வேண்டும் என்றதும் மெக்கானிக் காரைச் சுற்றி வந்து பார்த்தார். “முன்னாடி சக்கரம் நிக்கட்டும்ங்க. பின்னாடி சக்கரம் அது பின்னால ஒழுங்கா வந்தாப் போதும்” என்றார். இந்தக் காரைப் பொறுத்தவரை அதைவிடச் சரியான பேச்சு இல்லை. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் சிக்கல் ஹப். டிரம்மைக் கழற்றுவது எளிது, இரண்டு ஸ்க்ரூதான். ஆனால் பேக்பிளேட்டைக் கழற்ற ஹப் வெளியே வந்தாக வேண்டும். ஹெரால்டில் ஆக்ஸில் ஷாஃப்டின் முனை கூம்பாக இருக்கும். அதில் கீ வைத்து, நட்டால் இறுக்கிய ஹப் ஐம்பது, அறுபது வருடம் கழித்து ஷாஃப்ட்டோடு ஒன்றிப்போய் இருக்கும். சாதாரண மூன்று கால் புல்லரை மாட்டி இழுத்தால் ஹப்பின் ஓரம் வளைந்துவிடும். இங்கே ஹப்பின் நான்கு ஸ்டட்டிலும் பிடிக்கிற மாதிரி கனமான தகட்டில் ஒரு புல்லரை லேத்தில் செய்துகொண்டார்கள். இறுக்கிவிட்டுக் காத்திருந்து, திருகின் தலையில் சம்மட்டியால் ஒரு அடி. பட்டறை அதிரும் சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது. இந்த ஒரு கருவி இல்லாத பட்டறையில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

டிஸ்க் ஒரு சிறிய காரின் முன்சக்கரத்தில் வருவது. ஹெரால்டின் வீல் போல்ட் வட்டம் 95.25 மி.மீ.; நம் ஊரில் சுலபமாகக் கிடைக்கும் டிஸ்க்குகளில் அந்த அளவு கிடையாது. பழைய துளைகளுக்கு நடுவே புதிதாகத் துளை போட்டு, நடுவட்டத்தையும் ஹப்புக்குத் தக்கபடி கடைந்தார்கள். கேலிப்பர், ஹேண்ட் பிரேக் கேபிளோடு சேர்ந்து வருகிற வகை. பின்பக்கம் டிஸ்க் உள்ள ஒரு செடானிலிருந்து எடுத்தது. பேக்பிளேட் இருந்த அதே போல்ட் துளைகளில் பிராக்கெட். எங்கேயும் வெல்டிங் இல்லை. ரிம் 13 அங்குலம் என்பதால் கேலிப்பருக்கும் ரிம்முக்கும் நடுவே விரல் நுழையும் இடம்தான் மிச்சம். பாகங்களின் விலையைவிட லேத் கூலிதான் அதிகம் ஆயிற்று.

மாட்டியதும் டயல் கேஜ் வைத்து டிஸ்க்கின் ஆட்டத்தைப் பார்த்தார்கள். 0.1 மி.மீட்டரைத் தாண்டினால் பெடலில் அதிர்வு தெரியும். இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெளிப் பேரிங் தேய்ந்திருந்தால் டிரம்மில் பெரிதாகத் தெரியாது. டிஸ்க்கில் அந்த ஆட்டம் பேடைப் பின்னால் தள்ளிவிடும். அடுத்த முறை மிதிக்கும்போது பெடல் பாதி தூரம் காற்றில் போகும். பேரிங்கை மாற்றாமல் டிஸ்க் போடுவது வீண் வேலை.

இப்போது மெக்கானிக் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். எந்தக் காரிலும் பிரேக் போட்டால் எடை முன்னால் சாய்கிறது, பின் சக்கரத்தின் பிடி குறைகிறது. ஹெரால்டில் இதோடு இன்னொன்றும் சேரும். அதன் பின் சஸ்பென்ஷன் ஸ்விங் ஆக்ஸில்; குறுக்கே ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங், நடுவில் டிஃப்ரன்ஷியல், அங்கிருந்து இருபுறமும் ஆடும் ஷாஃப்ட்டுகள். வளைவில் திடீரென்று பிரேக் போட்டால் பின்பக்கம் மேலெழும்பும். அப்போது சக்கரங்களின் அடிப்பாகம் உள்ளே மடங்கி, டயர் ஓரத்தில் மட்டும் ரோட்டைத் தொடும். அந்த நொடியில் பின் சக்கரம் லாக் ஆனால் காரின் பின்பக்கம் முன்னால் வந்துவிடும். பின் பிரேக்கின் பலத்தைக் கூட்டுவது இந்தக் காரில் முன்னேற்றம் ஆகாது, ஆபத்துதான்.

எனவே பின்பக்க பிரேக் லைனில் அழுத்தத்தைக் குறைக்கும் புரோபோர்ஷனிங் வால்வு போட்டே தீர வேண்டும். இந்தக் காரில் குமிழைத் திருகி அளவு மாற்றும் வகை. ஆளில்லாத நேரான ரோட்டில் ஒருவர் ஓரமாக நின்று சக்கரங்களைப் பார்க்க, இன்னொருவர் ஓட்டி, முன் சக்கரம் முதலில் லாக் ஆகிறவரை குமிழைத் திருகிக்கொண்டே வந்தார்கள். மழை ஈரத்திலும் திரும்பப் பார்த்துத்தான் பூட்டினார்கள். இந்த வேலைக்குச் செலவழித்த நேரத்தைக் குறை சொல்லவே மாட்டேன். உயிர் சம்பந்தப்பட்ட சரிபார்ப்பு இது.

ஓட்டினால் எப்படி இருக்கிறது? சேலத்திலிருந்து நாமக்கல் வரை தேசிய நெடுஞ்சாலை 44இல், மல்லூர் தாண்டி வேகம் பிடித்து, குறுக்கே வரும் டிராக்டருக்கும் பஸ்ஸுக்கும் பிரேக் போட்டுப் பார்த்தால், நின்ற தூரத்தில் பழைய காருக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இருக்கவும் வாய்ப்பில்லை. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் டிஸ்க்குடையது. மாற்றம் தெரிவது பெடலில்தான். டிரம்மில் ஷூ சுற்றும் திசையில் தானே இழுபட்டு இறுகும். டிஸ்க்கில் அது கிடையாது. கேலிப்பர் பிஸ்டனுக்கு எண்ணெயும் கூடுதலாக வேண்டும். அதனால் பெடல் முன்னைவிடக் கொஞ்சம் கீழே போகிறது, காலுக்கும் வலு வேண்டியிருக்கிறது. ஆனால் எவ்வளவு மிதிக்கிறோமோ அவ்வளவு நிற்கிறது. டிரம் காரில் காலை எடுத்ததும் தொங்கும் அந்த மிச்சப் பிடிப்பு இதில் இல்லை.

மலை இறக்கத்தில் கதை வேறு. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரில் இறங்கினால் பிரேக் வாசனையே வரவில்லை. காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறி, 70 வளைவுகளில் திரும்ப இறங்கும்போதுதான் பின் டிஸ்க்கின் பயன் தெரிகிறது. கடைசி வளைவிலும் பெடல் முதல் வளைவில் இருந்த இடத்திலேயே நின்றது. டிரம் சூடேறி விரிந்தால் ஷூ அதைத் துரத்திப் போக வேண்டும், பெடல் கீழே இறங்கும். டிஸ்க் சூடானால் பேடை நோக்கித்தான் தடிக்கும். தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காமல் லாரிகள் மோதுகிற செய்தியைக் கேட்டே வளர்ந்த மாவட்டங்கள் இவை. அங்கே சூட்டைப் பற்றி யாருக்கும் தனியாக விளக்க வேண்டியதில்லை. பிரேக் ஆயிலும் அதே அளவு முக்கியம். புது டாட் 4 ஆயில் 230 டிகிரியில் கொதிக்கும். ஈரம் உறிஞ்சியது 155இலேயே கொதித்துவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றாதவருக்கு எந்த டிஸ்க்கும் உதவாது.

குறை என்றால் ஹேண்ட் பிரேக். டிரம்மில் இருந்த பிடி இல்லை. ஏற்காடு அடிவாரத்துச் சரிவில் நிறுத்தும்போது லீவரைக் கடைசிப் பல் வரை இழுத்தும், கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துத்தான் இறங்கினோம். கேபிள் இழுக்கும் தூரத்துக்கும் கேலிப்பரின் கைக்கும் கணக்கு இன்னும் ஒத்துவரவில்லை. நடுவில் ஒரு நெம்புகோல் சேர்க்கப் போகிறார்கள். அது சரியாகும்வரை இந்த மாற்றத்தை முடிந்த வேலை என்று சொல்ல மாட்டேன். பேட் மாற்றும்போதும் இந்த வகைப் பிஸ்டனை அழுத்தி உள்ளே தள்ள முடியாது, திருகித்தான் அனுப்ப வேண்டும். தெரியாதவர் கையில் கொடுத்தால் உடைத்துவிடுவார்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வாகனத்தின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற விடாது. 50 வயது கடந்த காரை விண்டேஜாகப் பதிவு செய்ய 2021இல் வந்த விதி, சேசிஸும் பாடியும் எஞ்சினும் மாறாமல் அசலாக இருக்க வேண்டும் என்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் கேட்டுவிட்டு ஸ்பேனரை எடுங்கள். வெல்டிங் இல்லாமல் போல்ட்டில் மாட்டியது இதற்கும் நல்லது. பேக்பிளேட், டிரம், ஷூ எல்லாவற்றையும் கிரீஸ் தடவிப் பத்திரப்படுத்தியிருப்பதால் எப்போது வேண்டுமானாலும் பழையபடி ஆக்கலாம்.

முன்பக்கம் இன்னும் டிரம் உள்ள ஹெரால்டு வைத்திருப்பவர் பின்பக்கத்தைத் தொடவே வேண்டாம். பணத்தை முன் டிஸ்க்குக்கும் புது ஹோஸ்களுக்கும் போடுங்கள். முன் டிஸ்க் இருந்து, ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் மட்டும் ஓட்டுகிறவருக்கு, லைனரும் வீல் சிலிண்டரும் புதிதாக இருந்தால் 7 அங்குல டிரம்மே தாராளம். பேக்பிளேட்டின் சதுரத் தலை அட்ஜஸ்டரை அவ்வப்போது திருகி வைத்தால் போதும். மாதம் தவறாமல் ஏற்காடோ கொல்லிமலையோ போகிறவர் பின் டிஸ்க் போடலாம். போட்டால் வால்வோடும், புதுப் பேரிங்கோடும் போடட்டும். நண்பர் செய்யாமல் விட்டிருக்கும் இன்னொன்று மாஸ்டர் சிலிண்டர். அசல் ஹெரால்டில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே சர்க்யூட். ஒரு ஹோஸ் வெடித்தால் பிரேக் முழுவதும் போயிற்று. முன், பின் தனித்தனியாகப் பிரிக்கும் இரட்டை மாஸ்டர் சிலிண்டரைத்தான் நான் இந்த டிஸ்க்குகளுக்கும் முன்னால் போட்டிருப்பேன். அடுத்து அந்த வேலைக்குத்தான் கார் பட்டறைக்குப் போகிறது.