மூலையில் தொலையும் மதிப்பெண்

உலக விதிப்படி நடக்கும் கன்ட்ரோல் லைன் சாகசப் போட்டியின் மதிப்பெண் தாளில் 15 வரிகள் இருக்கும். ஒவ்வொரு வித்தைக்கும் நடுவர் பத்துக்குள் ஒரு புள்ளி போடுவார். அந்தப் புள்ளியை வித்தையின் கடினத்துக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள். நிலத்தைவிட்டு எழும்புவதற்கு 2, இறங்குவதற்கு 5, மூன்று உள்வளையத்துக்கு 6. வளையத்தையே சதுரமாக்கி இரண்டு முறை போட்டால் 12. முக்கோணத்துக்கு 14. இரண்டு சதுரங்களை ஒட்டவைத்த எட்டுக்கு 18. தாளிலேயே பெரிய எண் அதுதான். எல்லாம் கூட்டினால் 130 வரும். அதில் சதுரம், முக்கோணம், சதுர எட்டு, மணற்கடிகாரம் என்று மூலை திருப்ப வேண்டிய வித்தைகளின் பங்கு மட்டும் 66. பாதிக்குச் சற்று மேல்!

பார்க்க வருகிறவர்கள் தலைக்கு மேலே போடும் எட்டுக்கும் நான்கிதழ்ப் பூவுக்கும் கைதட்டுகிறார்கள். தட்டட்டும், அழகான வித்தைகள்தாம். ஆனால் பரிசு யாருக்கு என்பது அதற்கு முன்பே, 40-க்கும் மேற்பட்ட மூலைகளில் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

இந்த விளையாட்டை இதுவரை பார்த்திராதவர்களுக்கு இரண்டு வரி. இதில் ரேடியோ கிடையாது. பறப்பவரின் கைப்பிடியிலிருந்து இரண்டு மெல்லிய உருக்குக் கம்பிகள் மாதிரி விமானத்தின் இடது இறக்கை வழியாக உள்ளே போய், பெல்கிராங்க் என்ற சிறு நெம்புகோலில் முடிகின்றன. மணிக்கட்டை மேலே சாய்த்தால் மூக்கு ஏறும். கீழே சாய்த்தால் இறங்கும். வேறு கட்டுப்பாடு எதுவும் இல்லை. கம்பி 21.5 மீற்றரைத் தாண்டக்கூடாது. தொடக்கம் முதல் தரையிறக்கம்வரை 7 நிமிடம். விமானம் வட்டமாகச் சுற்ற, நடுவில் நிற்பவரும் கூடவே சுற்றுவார். தலைசுற்றாதா என்று கேட்பவர்களுக்கு: கண் விமானத்திலேயே நிலைத்திருந்தால், பழகியவருக்குச் சுற்றாது.

இப்போது மூலைக்கு வருவோம். 20 மீற்றர் கம்பியில், ஒரு சுற்றுக்கு 5.3 நொடி என்று பறக்கும் விமானத்தின் வேகம் மணிக்கு 85 கிலோமீற்றர். சதுர வளையத்தின் கீழ்க்கோடு தரையிலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில் இருக்கவேண்டும். மேல்கோடு 45 பாகை உயரக்கோணத்தில். இடையிலுள்ள செங்குத்துப் பாதையைக் கடக்க அரை நொடியும் கொஞ்சமும்தான் ஆகும். அதற்குள் ஒரு மூலையை முடித்து, இறக்கையை மட்டமாக்கி, நேர்கோடு ஒன்றை நடுவர் கண்ணுக்குக் காட்டி, அடுத்த மூலையைத் தொடங்கவேண்டும். ஐந்து மீற்றர் ஆரத்தில் அந்த மூலையைத் திருப்பினாலே புவியீர்ப்பைப்போல் 11 மடங்கு விசை வருகிறது. 1.8 கிலோ விமானம் அந்தக் கணத்தில் 20 கிலோவாகிவிடும். அமெரிக்க விதிநூல் கேட்பதோ 5 அடி ஆரம். அதே வேகத்தில் கணக்குப் போட்டால் 37 மடங்கு! அதை எழுதியவர்கள் காகிதத்தில் பெருக்கிப் பார்க்கவில்லை போலும். அப்படி ஒரு மூலையை எவரும் பறக்கவிடுவதில்லை என்பது நடுவர்களுக்கும் தெரியும்.

அப்படியானால் நடுவர் எதைப் பார்க்கிறார்? மூலை எவ்வளவு கூர்மை என்பதைவிட அது எப்படி நிற்கிறது என்பதைத்தான் என்று நினைக்கிறேன். திரும்பி முடிந்த பிறகு மூக்கு ஒருமுறை தலையாட்டினால் போதும், புள்ளி போய்விடும். கொஞ்சம் மழுங்கலாகத் திரும்பினாலும், ஆணி அடித்ததுபோல் நின்றுவிடும் விமானம் கூர்மையாகத் திரும்பித் தள்ளாடும் விமானத்தை வென்றுவிடுகிறது. புதியவர்கள் கைப்பிடியை வெட்டி இழுத்துக் கூர்மை தேடுகிறார்கள். அனுபவசாலிகள் தேடுவது நிற்பதை.

அந்த நிற்றல் கையில் மட்டும் இல்லை. முதல் காரணம் எடை. அதே இறக்கையில் 200 கிராம் கூடினால், 11 மடங்கு விசையில் இரண்டு கிலோவுக்கு மேல் அதிகச் சுமை. அதனால்தான் பால்சாக் கட்டையைத் தராசில் வைத்துத் தெரிவு செய்கிறார்கள். ஒரே அளவான இரண்டு பலகைகளில் ஒன்று மற்றதைப்போல் இருமடங்கு கனக்கும். மேற்பூச்சிலும் அதே கஞ்சத்தனம். இரண்டாவது காரணம் பிளாப். இந்த விமானங்களில் வாலிலுள்ள எலிவேற்றர் மேலே போனால் இறக்கையின் பின்விளிம்பிலுள்ள பிளாப் கீழே இறங்கும், இரண்டும் இணைக்கப்பட்டவை. மூலையில் தேவைப்படும் தூக்குவிசை அதிலிருந்து கிடைக்கிறது. அந்த இணைப்பில் ஒரு மில்லிமீற்றர் ஆட்டம் இருந்தாலும் உள்மூலையும் வெளிமூலையும் ஒன்றுபோல் வராது. ரொறன்ரோவின் பேஸ்மன்ட்களில் நவம்பர் முதல் ஏப்ரல்வரை நடக்கவேண்டிய வேலை இது. மே மாதத்தில் வட்டத்தின் நடுவே நின்றுகொண்டு திருத்த முடியாது.

வட்டத்தில் திருத்தக்கூடியதும் ஒன்று உண்டு: கம்பியின் இழுவை. மேலே சொன்ன அதே விமானம் மட்டமாகப் பறக்கையில் கையை 5 கிலோவுக்குச் சற்று மேலான விசையில் இழுக்கும். உச்சந்தலைக்கு மேலே வரும்போது அதன் சொந்த எடை எதிராக நிற்பதால் இழுவை மூன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் கீழே விழுகிறது. காற்று தள்ளி, வேகமும் குறைந்தால் இன்னும் விழும். கம்பி தொய்ந்த நொடியில் விமானம் உங்களுடையதல்ல. இதற்காக வெளி இறக்கை நுனியில் சில கிராம் ஈயம் வைக்கிறார்கள். கம்பிகள் இறக்கையை விட்டு வெளியே வரும் இடத்தை முன்னும் பின்னும் நகர்த்தக்கூடியதாகச் செய்கிறார்கள். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று பட்டம் ஏற்றியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முச்சை முடிச்சை விரலளவு தள்ளினால் பட்டம் பாயுமா குத்துமா என்பது மாறும். இங்கேயும் கம்பி வெளிவரும் இடத்தை ஐந்து மில்லிமீற்றர் பின்னுக்குத் தள்ளினால், மூக்கு வெளியே பார்க்கும் கோணம் மாறி, முழுப் பறப்பின் குணமும் மாறிவிடும். ஒரே நேரத்தில் இரண்டைத் திருத்துகிறவர் எது பலித்தது என்று அறியமாட்டார். ஒன்றை மாற்று, மூன்று முறை பற, எழுதி வை. சலிப்பான வேலை, வெற்றி அங்கேதான் கிடக்கிறது.

எஞ்சின் விஷயத்தில் பெரிய மாற்றம் நடந்துவிட்டது. முந்தைய தலைமுறையின் ரகசியம் ‘நான்கு-இரண்டு’. எரிபொருளைச் செறிவாக விட்டு, மட்டப் பறப்பில் எஞ்சினை நான்கடிப்பில் உறுமவிடுவார்கள். மூக்கு ஏறியதும் அது தானாக இரண்டடிப்புக்குத் தாவி வேகம் கொடுக்கும். பொக்ஸ் 35 எஞ்சினின் அந்தச் சத்தத்துக்காகவே இன்றும் அதை வைத்திருப்பவர்கள் உண்டு. ஆனால் ஒன்ராறியோ வசந்தம் இத்தகைய எஞ்சினுக்குப் பொல்லாதது. ஐந்து பாகைக் குளிரில் காற்று, முப்பது பாகை வெயிலில் உள்ளதைவிட ஏறத்தாழ 9 சதவீதம் அடர்த்தியானது. காலையில் திருகி வைத்த எரிபொருள் ஊசி மதியம் பிழைத்துப்போகும். மின்மோட்டார்க்காரருக்கு இந்தக் கவலை குறைவு. சுழற்சியை ஒரே எண்ணில் பிடித்துவைக்கும் கட்டுப்படுத்தி இருக்கிறது. காற்றில் வளையம் போடப் போட வேகம் ஏறும் பழைய நோயையும் அது பெருமளவு அடக்குகிறது. மின்மோட்டார் வந்து ஆட்டம் சப்பென்று ஆகிவிட்டதாக மூத்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எஞ்சின் அதிர்ஷ்டம் கழிந்தபின் மிஞ்சுவது மூலைதான். தவிர, குடியிருப்புகளுக்கு நடுவேயுள்ள பூங்காவில் சத்தமில்லாத விமானத்துக்கு எதிராக எவரும் நகரசபைக்குத் தொலைபேசி எடுக்கமாட்டார்கள்.

கன்ட்ரோல் லைனில் சாகசப் பிரிவைத் தவிர மற்ற மூன்று முக்கியப் பிரிவுகளும் வேறு உலகம். வேகப் பிரிவில் 2.5 சிசி எஞ்சின் மணிக்கு 300 கிலோமீற்றரை எட்டும். 9 சுற்று ஒரு கிலோமீற்றர், அதற்கு 12 நொடி, கையில் புவியீர்ப்பைப்போல் 40 மடங்கு இழுவை. அணி ஓட்டத்தில் மூன்று பேர் ஒரே வட்டத்தில் முதுகோடு முதுகு உரசச் சுற்றி, இடையில் இறக்கி எரிபொருள் நிரப்பி, 100 சுற்றை மூன்று நிமிடத்தையொட்டி முடிக்கிறார்கள். சண்டைப் பிரிவில் எதிராளியின் கடதாசி வாலை வெட்டவேண்டும்: நான்கு நிமிடம், வெட்டுக்கு 100 புள்ளி. பார்க்கச் சண்டைதான் சுவை. அலசச் சாகசம்தான்.

ரொறன்ரோவுக்கென்று இதில் ஒரு சொத்து இருக்கிறது. டி ஹவிலன்ட் கனடா நிறுவனத்தின் சிப்மங்க் பயிற்சி விமானம் 1946 மே 22 அன்று முதன்முதலாகப் பறந்தது இங்கே டவுன்ஸ்வியூவில்தான். வரைந்தவர் போலந்திலிருந்து வந்த பொறியியலாளர் யாக்கிமியுக். 1951-இல் தொடங்கிய இலங்கை விமானப்படையின் முதல் விமானங்களும் சிப்மங்க்தான். அமெரிக்க வான்சாகசக்காரர் ஆர்ட் ஸ்கோல் இதற்குப் பெரிய எஞ்சின் பூட்டி ‘சூப்பர் சிப்மங்க்’ ஆக்கினார். 1985-இல் ‘டொப் கன்’ படத்துக்காக வேறொரு விமானத்தில் படம் பிடிக்கும்போது அவர் இறந்தார். அவருடைய சிப்மங்க் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கன்ட்ரோல் லைன்காரர்களுக்கு அந்த வடிவம் பிடித்துப்போய், சிக் என்ற நிறுவனம் அதன் மாதிரியைக் கிட்டாகவே விற்றது.

சிப்மங்கால் இன்று வெல்ல முடியுமா? அமெரிக்க விதிப்படி தோற்றத்துக்கு 20 புள்ளிவரை உண்டு. தானே கட்டியவருக்குத்தான் அது. மஞ்சளும் வெள்ளையும் பூசிய ஒரு சிப்மங்க் அங்கே நல்ல புள்ளி வாங்கும். உலகப் போட்டிகளை நடத்தும் எப்.ஏ.ஐ. விதியிலோ அழகுக்குப் புள்ளியே இல்லை. உண்மையான விமானத்தின் வால் மூலைக்காகச் செய்யப்பட்டதல்ல. அதைப் பெரிதாக்கினால் சிப்மங்கின் சாயல் குறையும், பெரிதாக்காவிட்டால் மூலை நிற்காது. உள்ளூர்ப் போட்டிக்குச் சிப்மங்க், உலகப் போட்டிக்கு மூலைக்கென்றே வரைந்த நீண்ட வால்காரன் என்பதே என் கணிப்பு.

கட்டியவர்தான் பறக்கவிடவேண்டுமா என்ற சண்டை இதன் தொடர்ச்சி. உலக அரங்கில் யுக்ரைனின் யற்சென்கோ சகோதரர்கள் செய்து விற்ற விமானங்களை வாங்கிப் பறந்தவர்கள் உண்டு, விதி தடுக்கவில்லை. மட்டைக்காரர் தன் மட்டையைத் தானே செதுக்குவதில்லையே என்று கேட்கலாம். ஆனால் மூலை நிற்பதற்கான காரணத்தில் பாதி பேஸ்மன்டில் இருக்கிறது என்றால், வாங்கியவரையும் கட்டியவரையும் ஒரே பட்டியலில் வரிசைப்படுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரே நாளில் ஒரே வட்டத்தில் பறக்கட்டும். பட்டியல் இரண்டாக இருக்கட்டும்.

இங்கே பறக்க ஆட்கள் இருக்கிறார்களா? இந்தியாவில் என்.சி.சி. என்ற தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு மாணவர்களுக்குக் கன்ட்ரோல் லைன் பாடமாகவே இருக்கிறது. அகில இந்திய வாயு சைனிக் முகாமில் போட்டியும் நடக்கிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் அந்தச் சீருடை அணிந்து கைப்பிடி பிடித்த சிலர் இன்று ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் குடியிருக்கக்கூடும். அவர்களுக்குத் தேவையான இடம் அதிகமில்லை. விமானம் சுற்றும் வட்டம் 43 மீற்றர் குறுக்களவு. சுற்றிலும் பாதுகாப்புக்குக் கொஞ்சம் விட்டால், ஒரு கிரிக்கெட் மைதானத்துக்குள் அடங்கிவிடும். அருகில் மின்கம்பி மட்டும் இருக்கக்கூடாது. உருக்குக் கம்பியைக் கையில் பிடித்திருப்பவருக்கு இந்த விளையாட்டில் உயிராபத்து வருமென்றால் அநேகமாக அங்கிருந்துதான் வரும்.