கரும்பை இனிப்பாக்கியவர்

மார்ச் மாதம் வந்தால் கல்லூரிச் சுவர்களில் பெண் சாதனையாளர்களின் படங்கள் ஏறும். ஜானகி அம்மாள் படமும் இருக்கும். கீழே வழக்கமான ஒற்றை வரி: இந்தியக் கரும்பை இனிப்பாக்கியவர். தென்காசியில் தமிழ் கற்பிக்கும் எனக்கு இந்த வரிமேல் நெடுநாளாக ஒரு சந்தேகம். விஞ்ஞானியாக இருந்தாலும் ஒரு பெண்ணைப் பாராட்ட வேண்டுமென்றால் அடுப்படிச் சொல் ஒன்று தேவைப்படுகிறது. அண்டத்தையும் அணுவையும் ஆண்கள் ஆராய்ந்தார்கள். இவர் சர்க்கரை போட்டார்.

வரி வரலாற்றுக்கும் பொருந்தவில்லை. கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது 1912இல். பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் நாட்டு நாணலோடு கரும்பைக் கலந்து உருவாக்கிய கோ 205 வயலுக்கு வந்தது 1918இல். ஜானகி அம்மாள் அங்கே சேர்ந்தது 1934இல்தான். அதற்குள் அவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் டி.எஸ்சி. பட்டம் பெற்று, திருவனந்தபுரத்தில் பேராசிரியராகவும் இருந்துவிட்டார். அவர் தொழில் குரோமோசோம்களை எண்ணுவது.

எண்ணுவது என்றால் என்ன? பூவின் மகரந்தப்பையைப் பக்குவமான நேரத்தில் பறித்து, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கி, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பிரிந்துகொண்டிருக்கும் செல்லில் மட்டுமே குரோமோசோம்கள் தனித்தனியாகத் தெரியும். உடல் வளரும்போது நடக்கும் பிரிவு எளிமையானது: செல் தன் குரோமோசோம்களைப் படியெடுத்து, இரண்டு சேய் செல்களுக்கும் முழுத் தொகுதியையும் கொடுக்கும். கருமுட்டையும் மகரந்தமும் உருவாகும்போது கதை வேறு. ஒருமுறை படியெடுத்து இருமுறை பிரியும்; பாதிதான் மிஞ்சும். மனிதரில் 46, 23 ஆகும். தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி. (மகரந்தத்தைத் தரும் செல்லுக்குப் பாடநூலில் மகரந்தத் தாய் செல் என்று பெயர். ஆண் உறுப்புக்குள்ளும் ஒரு தாய். எந்த ஆசிரியரும் இதற்காகச் சிரித்து நான் பார்த்ததில்லை.)

கரும்பு இந்தக் கணக்கை மீறும். வயலில் நட்ட தடித்த கரும்புக்கு 80 குரோமோசோம். கோயம்புத்தூர்ப் பக்கத்து நாணலுக்கு 64. கரும்பைத் தாயாகவும் நாணலைத் தந்தையாகவும் வைத்துக் கலந்தால் 40ம் 32ம் சேர்ந்து 72 வரவேண்டும். வருவது 112. நாணல் பாதியைக் கொடுக்கிறது. கரும்புத் தாய் 80ஐயும் அப்படியே கொடுத்துவிடுகிறது. ஜாவாவில் பிரெமர் என்ற டச்சு ஆய்வாளர் 1920களிலேயே இதைக் கவனித்திருந்தார். பெரும்பாலும் கரும்பு தாயாக இருந்தால் மட்டுமே இப்படி. இந்தக் களத்தில்தான் ஜானகி அம்மாள் இறங்கினார். எவ்வளவு தூரத்துச் சொந்தத்தோடு கரும்பு சேரும் என்று பார்த்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்த செய்தியை 1938இல் 'நேச்சர்' இதழ் வெளியிட்டது. கரும்பை வைத்துக்கொண்டு தாய்மை அரசியல் பேச நான் வரவில்லை. புல்லுக்கு அரசியல் கிடையாது. ஆனால் மரபு என்றாலே சரிபாதி, சமநிலை என்று மட்டும் சொல்லித்தரும் பாடத்தில் இந்த 112 ஏன் இடம்பெறவில்லை என்று கேட்கலாம் அல்லவா?

அந்த அறிவியலின் மொழியையும் பார்க்க வேண்டும். வயல் கரும்புக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் நோபிள், அதாவது உயர்குடி. காட்டு நாணலின் வாரிசை மறுபடி மறுபடி உயர்குடிக் கரும்போடு கலந்து அதன் காட்டுத்தன்மையைக் கழிப்பதற்குப் பெயர் உயர்குடியாக்கல். தமிழும் சளைத்ததல்ல, சிற்றாற்றங்கரையில் வளரும் இந்த வகைப் புல்லைப் பேய்க்கரும்பு என்கிறோம். நோயைத் தாங்கும் வலு அந்தப் பேயிடமிருந்துதான் வந்தது. இப்படிப்பட்ட சொற்களைத் தினமும் எழுத வேண்டிய மேசையில் தலச்சேரித் தீயர் குடும்பத்துப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தார் என்பதை அந்தச் சுவரொட்டி சொல்வதில்லை.

நமக்கும் மரபியல் புதிய சொல் அல்ல. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் கடைசி இயலுக்கு அதுதான் பெயர். இளமைப் பெயர்கள் ஒன்பது, பிறகு ஆண்பாற் பெயர்கள், பெண்பாற் பெயர்கள், புல்லுக்கும் மரத்துக்கும் வேறுபாடு என்று அழகாகப் போகிற அந்த இயல் அந்தணர், அரசர், வணிகர், வேளாளர் என்று மனிதரையும் வகுக்கிறது. ஜெனிட்டிக்ஸுக்கு இந்தப் பெயரையே வைத்தபோது, வகுத்து வைப்பது என்ற பழைய பொருளும் கூடவே வந்துவிட்டது. மனுஸ்மிருதியின் ஒன்பதாம் அத்தியாயம் பெண்ணை நிலமென்றும் ஆணை வித்தென்றும் சொல்லி, விளைச்சல் யாருக்கு என்று வழக்காடுகிறது. நுண்ணோக்கி இந்த வழக்கை எப்போதோ தள்ளுபடி செய்துவிட்டது. முட்டை வெறும் மண் அல்ல: குரோமோசோமில் பாதி அதனுடையது, கருவின் தொடக்கச் சைட்டோபிளாசம் ஏறக்குறைய முழுவதும், மைட்டோகாண்ட்ரியாவும் அதனுடையவை.

தீர்ப்பு வந்தும் தெருவுக்கு வரவில்லை. என் வகுப்பில் திருமணமாகிப் படிக்கும் பெண்கள் உண்டு. ஒருத்தி பிரசவத்துக்குப் பிறகு வகுப்புக்குத் திரும்பியபோது, மாமியார் வீட்டில் கேட்டதைச் சொன்னாள்: "ரெண்டாவதும் பொட்டப்புள்ளயப் பெத்துட்டாளேன்னு பேசுதாங்க மேடம்." அவள் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்தவள். எக்ஸ், ஒய் பற்றி ஐந்து மதிப்பெண் விடை எழுதியவள். மாவுப்புழு வண்டின் ஆண் உயிரணுவில் இருவகை இருப்பதை நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற பெண் 1905இல் கண்டு சொன்னார். தாயிடம் இருப்பது எக்ஸ் மட்டுமே. ஒய் வந்தால் தந்தையிடமிருந்துதான் வரவேண்டும். "அத வீட்டுல சொன்னியா?" என்றேன். "சொல்லி யாரு மேடம் கேப்பா? எதுத்துப் பேசுதான்னு அதையும் சேத்துக்கிடுவாங்க." இதற்கு அவளுடைய பாடநூலில் விடை இல்லை. குற்றவாளியை மனைவியிடமிருந்து கணவனுக்கு மாற்றுவதல்ல என் நோக்கம். பெண் குழந்தை பிறந்தது குற்றமே அல்ல என்பதை ஐந்து மதிப்பெண் விடை சொல்வதில்லை.

ஜானகி அம்மாளைப் பற்றிய குறிப்புகள் அவர் மணம் செய்துகொள்ளாததை மறக்காமல் சொல்கின்றன. டார்லிங்டனோடு சேர்ந்து அவர் தொகுத்த பயிர்த் தாவரக் குரோமோசோம் அட்லஸ் 1945இல் வந்தது. அதற்கு ஒரு வரி. நேருவின் அழைப்பில் 1951இல் நாடு திரும்பித் தாவரவியல் அளவாய்வைச் சீரமைக்க உழைத்தார். 1955இல் பிரின்ஸ்டனில் பூமியை மனிதர் மாற்றியது பற்றி நடந்த கருத்தரங்கில் அவர்தான் ஒரே பெண். பழங்குடிகளின் வேளாண்மையையும் தாய்வழிச் சமூகங்களையும் பற்றி எழுதினார். எண்பது வயதில் அமைதிப் பள்ளத்தாக்குக்காகக் குரல் கொடுத்தார். 1984இல் மதுரவாயலில் இறந்தார். இத்தனையிலும் இனிப்பு எங்கே இருக்கிறது?

விஸ்லி தோட்டத்தில் அவர் மக்னோலியா நாற்றுகளுக்குக் கொல்கிசின் கொடுத்துப் பார்த்தார். செல் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் கதிர் இழைகளை அது உருவாகவிடாது. படியெடுத்தவை பிரியாமல் ஒரே செல்லில் தங்கி இரட்டிப்பாகும். அவர் பெயரிலேயே ஒரு வெள்ளை மக்னோலியா இன்றும் பூக்கிறது. கொல்கிசின் நம் ஊர்ச் செங்காந்தளிலும் இருக்கிறது. கண்வலிக்கிழங்கு என்போமே, அதுதான். குற்றாலத்துக்கு மேலே மழைக்காலத்தில் அது வேலியேறிப் பூக்கும். சங்கக் கவிஞர்கள் அந்தப் பூவில் பெண்ணின் விரலைப் பார்த்தார்கள். அதே கிழங்கை அரைத்துக் குடித்து உயிரை விட்ட பெண்களை நம் கிராமங்கள் அறியும். செல் பிரிவதை நிறுத்தியே அந்த நஞ்சு கொல்கிறது. குறிஞ்சித் திணை நடத்தும்போது இந்த இரண்டையும் நான் சேர்த்தே நடத்துகிறேன். தேர்வுக்கு வருமா என்று கேட்கிறார்கள். வராது என்கிறேன். ஆனாலும் குறித்துக்கொள்கிறார்கள்.