அரசும் சங்கமும்: சூளவம்சக் கதையொன்றும் பதுளைத் தூண் கல்வெட்டும்

இடைக்கால அரசர்க்கும் ஆயர்க்கும் இடையே நிகழ்ந்த பூசல்களை ஆராய்வோர், 1170இல் கன்ரபரிப் பேராலயத்தில் வெட்டுண்ட தோமஸ் பெக்கற்றையும், 1174இல் அவர் கல்லறைமுன் கசையடி ஏற்ற இரண்டாம் ஹென்றியையும் குறிப்பிடத் தவறுவதில்லை. அதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு மேல் முற்பட்டதோர் ஈழத்து நிகழ்ச்சி, ஊவாவோடும் தொடர்புடையதாக இருந்தும், போதிய கவனம் பெறவில்லை.

மூன்றாம் உதயன் அநுராதபுரத்தில் ஆண்ட காலத்தில், அரசனுக்கு அஞ்சிய அதிகாரிகள் சிலர் துறவிகளின் தபோவனத்திற் புகலடைந்தனர். மன்னனும் உபராசனும் அங்குச் சென்று அவர்தம் தலைகளைக் கொய்தனர். மனம் வெறுத்த துறவிகள், இன்றைய ஊவாவின் தென்பகுதியையும் உள்ளடக்கிய உறுகுணை நாட்டுக்கு அகன்றனர். உடனே நகரமக்களும் படையினரும் கிளர்ந்தெழுந்து, அக்கொலைக்குத் துணைநின்ற அதிகாரிகளின் தலைகளை வெட்டி வீசினர். உபராசன் உறுகுணைக்கு ஓடித் துறவிகளின் அடிவீழ்ந்தான். மன்னனும் மன்னிப்பு வேண்டினான்.

இதனை அரசனின் மனமாற்றமாகக் காட்டுகின்றது சூளவம்சம். பிக்குமார் இயற்றிய நூலாதலின் அது வியப்பன்று. ஆயினும் நிகழ்ச்சிகளின் ஒழுங்கு வேறொன்றை உணர்த்துகின்றது. துறவிகள் வெளியேறியபோது அரசன் வருந்தவில்லை. மக்கள் எழுந்த பின்னரே வருந்தினான். படையற்ற சங்கத்தின் வலிமை, அதன்பால் மக்கள் கொண்ட பற்றிலேயே தங்கியிருந்தது எனலாம். எனினும் அம்மக்களின் வேறு குறைகள் யாவை என்பதை நூல் கூறவில்லை.

இக்குறையைக் கல்வெட்டொன்று ஓரளவு நிரப்புகின்றது. மகியங்கனைக்கு அண்மையிலுள்ள சொரபொர வாவிப் பகுதியிற் கண்டெடுக்கப்பட்டுப் பதுளை நகரில் வைக்கப்பட்ட தூண் கல்வெட்டும் அதே நூற்றாண்டினதே. உதயன் என்னும் பெயருடைய மன்னனொருவன் மகியங்கனை விகாரையை வழிபட வந்தபோது, ஹோபிட்டிகம சந்தையின் வணிகரும் குடிகளும் அதிகாரிகளின் முறையற்ற அறவீடுகளை முறையிட்டனர். அரசன் அவற்றைத் தடுத்து விதிகள் வகுத்தான். போயா நாளில் விற்பனை கூடாது. விற்பின் விகாரை விளக்குக்கு எண்ணெய் அறவிடப்படும் என்பதும் அவற்றுள் ஒன்று.

ஈண்டும் அரசன், சங்கம், மக்கள் என மூன்று தரப்பினர் உளர். அரசனின் வழிபாட்டு வருகையே குடிகளுக்கு அவனை அணுகும் வாயிலாயிற்று. எனவே அரசு–சங்க உறவை இருவர்க்கிடைப்பட்ட உடன்பாடாகவோ பூசலாகவோ மட்டும் காண்பது குறைபாடுடைய நோக்காகும். சூளவம்சம் பெயரின்றிக் கூட்டமாகக் காட்டிய மக்களைக் கல்வெட்டு முறையீட்டோடு காட்டுகின்றது. ஒன்றை விடுத்து மற்றொன்றைக் கற்பவர் அரசனின் அச்சத்தைப் பக்தியென மயங்குவர்.